மாணவர் குறும்படத்துக்குப் பணம் திரட்ட கிக்ஸ்டார்ட்டர் சரிப்படுமா?

பலரிடமிருந்து சிறு சிறு தொகையாக இணையத்தில் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் நல்ல தளம், மாணவர் குறும்படத்துக்கு அதை நம்பி இறங்கலாம். ஆனால் அது ஆள் பிடித்துத் தரும் என்று நினைத்து இறங்கினால் ஒன்றும் நடக்காது. சுருக்கமாகக் கேட்டால் என் மதிப்பீடு இதுதான். எங்கள் கடைசி ஆண்டுப் படத்துக்கு நான் தயாரிப்பாளராக இருந்து இதில்தான் பணம் திரட்டினேன். அடுத்தடுத்து வந்த ஜூனியர்கள் வேறு தளங்களில் முயன்றபோதும் கூட இருந்து பார்த்தேன். அதனால் எது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பணம் எதற்கு என்பதைப் பேசிவிடுவோம், ஏனென்றால் எந்தத் தளம் என்பதே அதைப் பொறுத்ததுதான். மாணவர் படத்தில் கேமராவுக்குப் பெரிய செலவு வராது. கல்லூரியில் கிடைக்கும், இல்லை தெரிந்தவர்கள் தருவார்கள். குழுவில் இருப்பவர்கள் நண்பர்கள், சம்பளம் கேட்கமாட்டார்கள். பணம் கரைவது வேறு இடங்களில். படப்பிடிப்பு நாட்களில் அத்தனை பேருக்கும் வேளாவேளைக்குச் சாப்பாடு, வண்டி, லொகேஷன் வாடகை, காப்பீடு, கலைப்பொருட்கள். எடுத்ததைச் சேமிக்க ஹார்டு டிஸ்க், அதுவும் ஒன்று போதாது, ஒரே ஃபுட்டேஜ் இரண்டு மூன்று இடங்களில் இருந்தால்தான் நிம்மதியாகத் தூங்க முடியும். அப்புறம் இசைக்கான உரிமை, கலர் கிரேடிங் (நிறத்தைச் சீர்செய்வது), சவுண்ட் மிக்ஸ் (ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்வது), திரையரங்கில் போட டிசிபி என்ற டிஜிட்டல் பிரதி. எல்லாம் முடிந்த பிறகு விழாக்களுக்கான நுழைவுக் கட்டணம். இந்தக் கடைசி வரியைத்தான் பல குழுக்கள் பட்ஜெட்டில் எழுதுவதே இல்லை. விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே மாதிரி ஒரு தளத்திலிருந்து அனுப்பும்போது ஒவ்வொரு விழாவுக்கும் கட்டணம் தனித்தனி. மாணவர்களுக்குச் சலுகை தரும் விழாக்கள் நிறைய உண்டு, ஆனாலும் இருபது முப்பது விழாக்களுக்கு அனுப்பினால் மொத்தத் தொகை சில சமயம் படப்பிடிப்புச் செலவையே எட்டிவிடும். படத்தை எடுத்து முடித்துவிட்டு அனுப்பக் காசில்லாமல் ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும்.

சரி, தளத்துக்கு வருவோம். கிக்ஸ்டார்ட்டர் 2009-இல் நியூயார்க்கில் தொடங்கியது. அதன் அடிப்படை விதி ஒன்றே ஒன்று: இலக்கை எட்டினால் பணம், எட்டாவிட்டால் ஒரு காசும் கிடையாது. ஒருவர் தொகை போட்டவுடன் அது அவர் கணக்கிலிருந்து போய்விடாது, உறுதிமொழியாக நிற்கும். கேம்பெய்ன், அதாவது பணம் திரட்டும் காலம், முடிகிற நேரத்தில் இலக்கு நிறைந்திருந்தால்தான் கார்டில் பிடிப்பார்கள்.

இந்த விதியைக் கேட்டதும் பயந்து ஓடுகிறவர்கள் அதிகம். எனக்கு இந்தத் தளத்தில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். யோசித்துப் பாருங்கள், உங்கள் படத்துக்குத் தேவையானதில் 40 சதவீதம் மட்டும் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் கைக்கு வந்துவிட்டால் என்ன ஆகும்? படத்தை எடுக்கவும் போதாது, திருப்பிக் கொடுக்கவும் மனம் வராது, ஆனால் பணம் போட்டவர்களுக்குப் படம் தருவதாகச் சொல்லிவிட்டீர்கள். பாதிப் பணத்தில் முழுப் படம் எடுக்க வேண்டிய கட்டாயம். அப்போது ஒலியில் குறைப்பீர்கள், சாப்பாட்டில் குறைப்பீர்கள், ஒரு நாள் படப்பிடிப்பை வெட்டுவீர்கள், கடைசியில் வருகிற படம் யாருக்கும் திருப்தியாக இருக்காது. இலக்கை எட்டாமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை, கதையைத் திருத்தி, இலக்கைக் குறைத்து, மறுபடி வரலாம். இன்னொன்று, பணம் போடுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது நியாயம். தன் காசு அரைகுறை வேலைக்குப் போகாது என்று அவருக்குத் தெரியும். "நீங்கள் போடாவிட்டால் மற்றவர்கள் போட்டதும் வராது" என்று தைரியமாகச் சொல்லிக் கேட்கவும் இந்த விதி இடம் கொடுக்கிறது. கடைசி இரண்டு நாளில் தயங்கி நின்றவர்கள் எல்லாம் வந்து போடுவது இதனால்தான்.

கட்டணத்தைப் பார்த்தால், வெற்றி பெற்றால் மட்டும் மொத்தத்தில் 5 சதவீதம் தளத்துக்கு. அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. அமெரிக்காவில் அது 3 சதவீதமும் ஒவ்வொரு தொகைக்கும் 20 சென்ட்டும். 10 டாலருக்குக் கீழே உள்ள சிறு தொகைகளுக்கு 5 சதவீதமும் 5 சென்ட்டும். மற்ற நாடுகளில் கொஞ்சம் மாறும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. இந்தக் கட்டணம் அதிகமா என்று கேட்டால், இல்லை என்பேன். தோற்றால் ஒன்றும் எடுப்பதில்லை, அது பெரிய விஷயம்.

இதோடு இன்னொரு கழிவும் உண்டு. கேம்பெய்ன் முடிந்ததும் எல்லோருடைய கார்டிலும் ஒரே சமயத்தில் பணம் பிடிக்க முயல்வார்கள். சிலருடைய கார்டு காலாவதியாகியிருக்கும், சிலருக்குக் கணக்கில் போதிய பணம் இருக்காது. சரிசெய்ய ஏழு நாள் அவகாசம் தருகிறார்கள், அதற்குள் சரியாகாதவை உதிர்ந்துவிடும். நம் மொத்தத்தில் அந்த அளவு குறையும். ஆகவே இலக்கு வைக்கிற கணக்கு இப்படித்தான் இருக்க வேண்டும்: படத்துக்குக் கையில் 100 வேண்டும் என்றால், தளத்துக்கும் பரிமாற்றத்துக்கும் 10, உதிர்வதற்கு 2 அல்லது 3, பணம் போட்டவர்களுக்குக் கைம்மாறாகத் தரும் வெகுமதிகளைச் செய்து அனுப்ப ஒரு 7 அல்லது 8 என்று சேர்த்து 120 பக்கம் இலக்கு வைக்க வேண்டும். 100-க்கு 100 என்று இலக்கு வைத்து, எட்டியும் விட்டு, கடைசியில் சவுண்ட் மிக்ஸுக்குப் பணம் இல்லாமல் நிற்பது மாணவர் கேம்பெய்ன்களில் சாதாரணமாக நடக்கிறது.

பணம் கைக்கு வர, கேம்பெய்ன் முடிந்து ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். முடிந்த மறுநாளே படப்பிடிப்பு என்று தேதி வைக்காதீர்கள். தொடக்கத்திலும் இதே மாதிரி ஒரு காத்திருப்பு உண்டு. அடையாளச் சரிபார்ப்பு, வங்கிக் கணக்கு இணைப்பு, தளத்தின் ஒப்புதல் எல்லாம் முடிந்தால்தான் வெளியிட முடியும். தொடங்குகிறவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அவர் வசிக்கும் நாடும் தளம் அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் இருக்க வேண்டும். பணம் போடுகிறவர் ஏறக்குறைய எங்கிருந்தும் போடலாம், தொடங்குவதற்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. பக்கத்தை எழுத உட்காரும் முன் இதை முதலில் பாருங்கள், பட்டியலில் உங்கள் நாடு இல்லை என்றால் இந்த மதிப்பீட்டின் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

எத்தனை நாள் ஓட்டுவது? அதிகபட்சம் 60 நாள் தருகிறார்கள், ஆனால் தளமே 30 நாளோ அதற்குக் குறைவாகவோ வைக்கத்தான் சொல்கிறது. அது சரியான ஆலோசனை. முதல் சில நாட்களில் வேகமாக வரும், கடைசி நாட்களில் வேகமாக வரும், நடுவில் வறட்சி. 60 நாள் வைத்தால் வறட்சிதான் நீளும், குழுவும் சோர்ந்துபோகும்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம், பணம் யாரிடமிருந்து வருகிறது என்பது. கிக்ஸ்டார்ட்டரின் டாஷ்போர்டில், அதாவது தொடங்கியவர் பார்க்கும் கணக்குப் பக்கத்தில், ஒரு வசதி இருக்கிறது, பலர் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைப்பு உருவாக்கிக் கொடுக்கலாம். எந்த இணைப்பின் வழியாக யார் வந்தார்கள், எவ்வளவு போட்டார்கள் என்று அட்டவணையில் காட்டும். நாங்கள் இயக்குநருக்கு ஒன்று, ஒளிப்பதிவாளருக்கு ஒன்று, கதாநாயகிக்கு ஒன்று, எடிட்டருக்கு ஒன்று, ஒலிப்பதிவாளருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தோம். இன்ஸ்டாகிராமில் நல்ல கூட்டம் வைத்திருந்த கதாநாயகியின் இணைப்பில் நிறையப் பேர் வந்து பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், ஆனால் பணம் போட்டவர்கள் குறைவு. சமூக ஊடகத்தில் ஒரு பதிவுகூடப் போடாத ஒலிப்பதிவாளரின் இணைப்பில்தான் அதிகப் பணம் வந்திருந்தது. என்னடா செய்தாய் என்று கேட்டால், போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, கூப்பிட்டு, நலம் விசாரித்து, படத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி, பேசி முடித்த கையோடு அவர்களுக்கு மட்டும் தனியாக இணைப்பை அனுப்பியிருக்கிறான். பொதுவாக எல்லோருக்கும் ஒரே செய்தியை ஒருமுறைகூட அனுப்பவில்லை. அட்டவணையைப் பார்த்த அன்றே மீதி எல்லோரும் அதே வழிக்கு மாறினோம்.

தளத்தைச் சும்மா மேய்ந்து நம் படத்தைக் கண்டுபிடித்துப் பணம் போட்டவர்கள்? இருந்தார்கள், ஆனால் விரல்விட்டு எண்ணலாம். தளத்தின் ஆட்கள் தேர்ந்தெடுத்துப் பதக்கம் மாதிரி ஒரு முத்திரை கொடுத்து முன்னால் காட்டினால் கொஞ்சம் கூடும், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. கிக்ஸ்டார்ட்டர் தானே வெளியிடும் கணக்குப்படி மொத்தத்தில் ஏறக்குறைய 40 சதவீதத் திட்டங்கள்தான் இலக்கை எட்டுகின்றன. ஆனால் இலக்கில் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டவற்றில் பெரும்பாலானவை வெற்றி பெற்றுவிடுகின்றன. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிடும். தொடங்கும் முன்பே முதல் 20 சதவீதத்துக்கான ஆட்களைப் பெயர் சொல்லி எழுதி வைத்துக்கொண்டு, அவர்களிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டு, முதல் இரண்டு நாளிலேயே போட வைக்க வேண்டும். அந்தப் பட்டியலை எழுத முடியவில்லை என்றால் இன்னும் தொடங்கும் நேரம் வரவில்லை. வெளியிடும் முன் ஒரு முன்னோட்டப் பக்கம் திறந்து, தொடங்கும்போது தெரிவிக்கச் சொல்லி ஆட்களைச் சேர்த்து வைக்கலாம், அந்த வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. நம்மீது அன்பும் கையில் காசும் உள்ள பெரியவர்களில் பலருக்கு, ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கி, மின்னஞ்சல் உறுதிசெய்து, கார்டு எண் போடுவது பெரிய மலை. "நேரில் வா, கையில் தருகிறேன்" என்பார்கள். அதை வாங்கி நாமே நம் கேம்பெய்னில் போடவும் முடியாது, தொடங்கியவர் தன் திட்டத்துக்கே பணம் போடுவதைத் தளம் தடுக்கிறது. அது சரியான விதிதான். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் போனிலேயே பொறுமையாகச் செய்து கொடுப்பதுதான் வழி. முடியாத இடத்தில் ரொக்கமாக வாங்கி, அதைத் தனியாகக் கணக்கெழுதி, அந்த அளவுக்குத் தளத்தின் இலக்கைத் தொடக்கத்திலேயே குறைத்து வைக்கலாம். நடுவில் குறைத்துக்கொள்ளலாம் என்று நம்பி இருக்காதீர்கள்.

பக்கத்தை எழுதும் கருவி எளிமையானது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்தை அறிமுகம் செய்து பணம் கேட்கும் பிட்ச் வீடியோவைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். ஒலி கேட்க வேண்டும். படம் எடுக்கத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு, எதிரொலிக்கிற அறையில் லேப்டாப் மைக்கில் பேசிய வீடியோவைப் போட்டால் யார் நம்புவார்கள்? இரண்டரை நிமிடத்துக்குள், இயக்குநர் முகம் காட்டி, இந்தக் கதையை ஏன் இவர் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லி, சோதனையாக எடுத்த ஒன்றிரண்டு ஷாட்டைக் காட்டினால் போதும். முழுக்கதையையும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் அபாயங்கள் என்று ஒரு பகுதி கட்டாயமாக எழுதச் சொல்கிறார்கள். அதில் மழை வரலாம், லொகேஷன் கை நழுவலாம், அப்படியானால் என்ன செய்வோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எங்களுக்குப் பணம் போட்டவர்களில் சிலர், அந்தப் பகுதியைப் படித்த பிறகுதான் நம்பிக்கை வந்தது என்று சொன்னார்கள்.

வெகுமதிகள் விஷயத்தில் தளம் பெரும்பாலும் சுதந்திரம் தருகிறது. பங்கு, லாபத்தில் பங்கு மாதிரி எதுவும் தரக்கூடாது, அது தடை. மற்றபடி உங்கள் விருப்பம். டி-ஷர்ட் வேண்டாம். அளவு கேட்டு, அச்சடித்து, பொதி கட்டி, அஞ்சலில் அனுப்பி முடிப்பதற்குள் அந்தத் தொகையில் பாதி போய்விடும், எடிட்டிங்கில் இருக்க வேண்டிய ஆள் பார்சல் ஒட்டிக்கொண்டிருப்பார். டைட்டிலில் பெயர், திரைக்கதையின் பிடிஎஃப், படப்பிடிப்புப் படங்கள், குழுவோடு இணையத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, எடிட்டிங் நடக்கும்போது ஒரு காட்சியை முன்கூட்டியே காட்டுவது, இவையே போதும். செலவில்லை, பணம் போட்டவருக்கும் இவைதான் மகிழ்ச்சி தருகின்றன. டைட்டிலில் பெயர் போடும்போது எழுத்துப் பிழை வராமல் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

படத்தின் இணைப்பை வெகுமதியாகத் தருவதில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. பல விழாக்கள், இணையத்தில் பொதுவில் வந்துவிட்ட படத்தை எடுத்துக்கொள்வதில்லை. ஆஸ்கர் குறும்படப் பிரிவில்கூட, தகுதி பெறும் முன்பு படம் இணையத்தில் பொதுவில் வெளியானால் போட்டிக்கு வெளியே போய்விடும். ஆகவே பணம் போட்டவர்களுக்குக் கடவுச்சொல் போட்ட தனி இணைப்புதான், அதுவும் விழாச் சுற்று ஒரு கட்டத்துக்கு வந்த பிறகு. இதை வெகுமதியின் விளக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். தளம் ஒவ்வொரு வெகுமதிக்கும் தருவதாகச் சொல்லும் மாதத்தைக் கேட்கும், அதில் படம் முடிகிற மாதத்தைப் போடாமல் அதற்கு ஓராண்டு தள்ளிப் போடுங்கள். சீக்கிரம் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

மற்ற தளங்களைப் பற்றி. சீட் அண்ட் ஸ்பார்க் 2012 இறுதியில் தொடங்கியது, திரைப்படங்களுக்காகவே உருவானது. இலக்கில் 80 சதவீதம் வந்தால் பணம் கிடைக்கும், இது நல்ல நடுவழி. என்னைக் கவர்ந்தது அதன் தேவைப் பட்டியல். மொத்தமாக இவ்வளவு வேண்டும் என்று கேட்காமல், இரண்டு நாள் வேன், ஒரு லென்ஸ், ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு ஹார்டு டிஸ்க் என்று பிரித்துப் பிரித்துப் போடலாம். பார்ப்பவர் அந்தப் பொருளுக்கான பணத்தைத் தரலாம், அல்லது அந்தப் பொருளையே இரவல் தரலாம். மாணவர் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. பணம் தர முடியாத எத்தனையோ பேரிடம் ஒரு பழைய சோபாவோ, ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும் வண்டியோ, படம் பிடிக்க ஏற்ற ஒரு மொட்டைமாடியோ இருக்கும். வெளியிடும் முன் அவர்கள் பக்கத்தைப் படித்துக் கருத்தும் சொல்கிறார்கள். ஜூனியர் குழு ஒன்றுக்கு வந்த கருத்துகளை நான் படித்தேன், கதைச்சுருக்கத்தில் தொடங்கி வீடியோவின் நீளம் வரை உருப்படியாகச் சொல்லியிருந்தார்கள். எல்லா நாட்டுக்காரர்களும் தொடங்க முடியாது என்பது மட்டும்தான் குறை. முடிகிற நாட்டில் இருந்தால், முதல் படத்துக்கு கிக்ஸ்டார்ட்டரைவிட இதைத்தான் பரிந்துரைப்பேன்.

இண்டிகோகோ 2008-இல் தொடங்கியபோது சுயாதீனப் படங்களைக் குறிவைத்துத்தான் வந்தது. இலக்கு நிறையாவிட்டாலும் வந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்ற முறையால் பெயர் பெற்றது. அந்த முறையைப் பற்றி என் கருத்தை மேலே சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு இடத்தில் அது பொருந்தும்: படத்தை எடுத்து முடித்துவிட்டீர்கள், கலர் கிரேடிங்குக்கும் விழாக்களுக்கும் மட்டும் பணம் வேண்டும் என்றால், எவ்வளவு வந்தாலும் பயன்தான். வந்த அளவுக்கு விழாக்களுக்கு அனுப்பலாம். பின்னாளில் கருவிகள், கேட்ஜெட்கள் பக்கம் அது அதிகம் சாய்ந்துவிட்டது, படத்துக்கென்று வருகிற கூட்டம் அங்கே குறைவு.

கோஃபண்ட்மீயில் மாணவர் படத்துக்குப் பணம் கேட்பதை நான் விரும்பவில்லை. விதிப்படி தவறில்லை, வந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்ற வசதியும் உண்டு. ஆனால் அங்கே பக்கத்துப் பக்கத்தில் மருத்துவச் செலவுக்கும் இறுதிச்சடங்குக்கும் உதவி கேட்டு நிற்கிறார்கள். அந்த வரிசையில் நம் படத்தை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பேட்ரியான் மாதாமாதம் எதையாவது வெளியிடுகிறவர்களுக்கானது, ஒரே ஒரு குறும்படத்துக்கு ஒத்துவராது.

கிக்ஸ்டார்ட்டரில் பெரிய வெற்றிகள் உண்டு. 2013-இல் சிறந்த குறு ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது வாங்கிய படம், அதை முடிப்பதற்கான பணத்தில் ஒரு பகுதியை அங்கேதான் திரட்டியது. ஆனால் கூட்டாகப் பணம் போட்டுப் படம் எடுப்பது இணையத்தோடு வந்ததல்ல. 1976-இல் வந்த 'மந்தன்' படத்துக்கு குஜராத்தின் பால் கூட்டுறவைச் சேர்ந்த ஐந்து லட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். படம் வெளியானதும் லாரி லாரியாக வந்து பார்த்ததும் அவர்கள்தான். இதை நான் ஜூனியர்களிடம் எப்போதும் சொல்வேன். பணம் போட்டவர்தான் முதல் பார்வையாளர், அவர்தான் படத்தைப் பற்றி நாலு பேரிடம் பேசப்போகிறவர். ஆகவே பணம் வந்து சேர்ந்ததும் அமைதியாகிவிடக்கூடாது. கிக்ஸ்டார்ட்டரில் அப்டேட் எழுதும் வசதி நன்றாக இருக்கிறது, எல்லோருக்கும் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்துவிடும். படப்பிடிப்பு முடிந்ததும் ஒன்று, ரஃப் கட் (முதல் கட்ட எடிட்டிங்) முடிந்ததும் ஒன்று, விழாவில் தேர்வானால் ஒன்று என்று எழுதுங்கள். தாமதமானால் தாமதம் என்று எழுதுங்கள். தாமதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பதிலே வராமல் இருப்பதைத்தான் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. கேம்பெய்ன் வெளியான சில மணி நேரத்திலேயே உள்பெட்டியில் செய்திகள் வந்து குவியும். உங்கள் படத்தைப் பல்லாயிரம் பேரிடம் கொண்டுபோகிறோம், முன்பணம் கொடுங்கள், இலக்கை எட்ட வைக்கிறோம் என்பார்கள். பெயர்கள் விதவிதமாக இருக்கும், எழுத்து மட்டும் ஒரே அச்சில் இருக்கும். எங்கள் குழுவில் ஒருவன் ஆர்வத்தில் அப்படி ஒரு நிறுவனத்துக்குத் தன் கைக்காசைக் கொடுத்தான். அவர்கள் செய்ததெல்லாம் யாரும் பின்தொடராத ஒரு கணக்கில் எங்கள் இணைப்பைப் போட்டதுதான். டாஷ்போர்டு அட்டவணையில் அவர்கள் இணைப்பில் வந்த தொகை பூஜ்யம், திரும்பக் கேட்டபோது பதிலே இல்லை. எந்தத் தளத்தில் தொடங்கினாலும் இவர்கள் வருவார்கள். படிக்காமல் அழித்துவிடுங்கள்.

தொடங்கும் முன் கல்லூரியிடம் ஒரு விஷயத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்: படத்தின் உரிமை யாருக்கு? சில திரைப்படக் கல்லூரிகளில் மாணவர் எடுத்த படத்தின் உரிமை கல்லூரிக்கே. சில இடங்களில் வெளியிலிருந்து பணம் திரட்டவே முன் அனுமதி வேண்டும், பட்ஜெட்டுக்கு உச்சவரம்பும் இருக்கும். இது தெரியாமல் படத்தின் இணைப்பை வெகுமதியாக அறிவித்துவிட்டால், அதைத் தரும் உரிமையே நம்மிடம் இருக்காது. வரியும் அப்படித்தான். வந்த பணம் யார் வங்கிக் கணக்கில் விழுகிறதோ அவருடைய வருமானமாகப் பல நாடுகளில் கணக்கிடப்படலாம். ஆகவே தயாரிப்பாளர் யார் பெயரில் தொடங்குவது என்பதை நட்பின் பேரில் முடிவு செய்யாமல், கணக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு ரசீதையும் போனில் படம் பிடித்து ஒரே கோப்புறையில் போட்டுவைத்தால் பின்னால் தலைவலி இல்லை.

கடைசியாக, யாருக்கு இந்தத் தளம் எதுவுமே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் படத்துக்கு வேண்டியது நெருங்கிய பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் கொடுத்துவிடக்கூடிய தொகைதான் என்றால், அவர்களிடம் நேராகக் கேளுங்கள். கேம்பெய்ன் நடத்துவது தனி வேலை. வீடியோ, பக்கம், தினமும் போன், நன்றிச் செய்திகள், அப்டேட், வெகுமதி என்று ஒருவரின் முழு நேரத்தையும் இரண்டு மூன்று மாதம் விழுங்கும். இயக்குநரே அதைச் செய்யக் கூடாது, ஒத்திகைக்கும் ஷாட் பிரிப்பதற்கும் அவருக்கு நேரம் இருக்காது. தயாரிப்பாளர் என்று ஒருவர் தனியாக இருந்து, போனில் பேசக் கூச்சப்படாத மூன்று நான்கு பேர் குழுவில் இருந்து, முதல் 20 சதவீதத்துக்கான பெயர்ப் பட்டியலும் கையில் இருந்தால் கிக்ஸ்டார்ட்டரில் தாராளமாகத் தொடங்குங்கள், ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது தொடங்க முடிகிற நாடுகளின் பட்டியல் குறுகலாக இருப்பதற்காக.